ரெமிங்டன் மாடல் 8: இந்தத் துப்பாக்கி ஏன் படங்களில் அதிகம் கண்ணில் படுவதில்லை?

கட்டைவிரல்
வணக்கம் மக்களே. ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் ஒரு சந்தேகம். பேட்டில்ஃபீல்ட் 1 என்ற முதல் உலகப் போர் வீடியோ கேம் ஆடியவர்களுக்குத் தெரியும், மெடிக் (மருத்துவச் சிப்பாய்) எடுத்தால் 'ஆட்டோலோடிங் 8 .35' என்று ஒரு துப்பாக்கி கிடைக்கும். ஐந்தே தோட்டாதான், ஆனால் கிட்டத்தில் போய் அடித்தால் எதிராளி காலி. பார்க்க ஒரு மாதிரி விசித்திரமாக இருக்கும், மோட்டார் பம்பு பைப் மாதிரி தடித்த குழல். கேமுக்காகக் கற்பனை செய்தது என்றுதான் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் ரெமிங்டன் கம்பெனி நிஜமாகவே விற்ற வேட்டைத் துப்பாக்கியாம், 1906-லேயே செமி-ஆட்டோவாம், அதாவது விசையை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒரு சூடு, அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும்!

அப்படியானால் இதை ஏன் படத்தில் பார்த்த ஞாபகமே இல்லை? வெஸ்டர்ன் போட்டால் வின்செஸ்டர் லீவர் துப்பாக்கி, கேங்ஸ்டர் படம் போட்டால் டாமி கன் என்ற கை மிஷின்கன். நடுவில் இருந்த இந்த ஆள் எங்கே போனார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போல்ட்டுநட்டு
நிஜத் துப்பாக்கிதான் தம்பி. வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங், யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரர். 1900-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ரெமிங்டன் அதை 1906-ல் 'ஆட்டோலோடிங் ரைஃபிள்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்து 1911-ல் மாடல் 8 என்று பெயர் மாற்றியது. 1936 வரை சுமார் 80,000 செய்தார்கள். அப்புறம் கொஞ்சம் மாற்றி மாடல் 81 என்று 1950 வரை ஓட்டினார்கள்.

முதல் செமி-ஆட்டோ வேட்டைத் துப்பாக்கி என்று சிலர் எழுதுவார்கள், அது சரியில்லை. வின்செஸ்டர் 1903-லும் 1905-லும் செமி-ஆட்டோ விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அவை சின்னத் தோட்டாவுக்கானவை. மானையும் கரடியையும் ஒரே அடியில் சாய்க்கும் அளவு பலமான தோட்டாவை, போல்ட்டைப் (குழலின் பின்வாயை மூடும் இரும்புத் துண்டு) பூட்டி வைத்துச் சுடும் செமி-ஆட்டோவாக அமெரிக்கக் கடைகளில் வந்து நன்றாக விற்றது இதுதான்.

உனக்குத் தடித்த குழலாகத் தெரிவது குழல் இல்லை, உறை. நிஜக் குழல் அதற்குள்ளே முன்னும் பின்னும் ஓடும். சுட்டதும் குழலும் போல்ட்டும் பூட்டியது பூட்டியபடியே பின்னால் போகும், தோட்டாவின் நீளத்தைவிட அதிகத் தூரம். கடைசியில் போல்ட் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கும், குழல் மட்டும் முன்னே திரும்பும், காலிக் கூடு வெளியே விழும். குழல் தன் இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் போல்ட் விடுபட்டு, அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னே வரும். பிரௌனிங்கின் ஆட்டோ-5 ஷாட்கன்னும் இதே முறைதான்.

ஆஸ்டின்வாசி
போல்ட்டு சொன்ன அந்தக் குழல் ஓட்டத்தைத் தோளில் வாங்கினால்தான் புரியும். கூட வேலை பார்ப்பவர் ஒருவரிடம் அவருடைய தாத்தாவின் மாடல் 81 இருக்கிறது, ஊருக்கு வெளியே அவர்கள் பண்ணையில் சுடக் கொடுத்தார். ஒரு தடவை விசையை அழுத்தினால் இரண்டு தடவை இடிக்கும். முதலில் சாதாரண உதை, உடனே உள்ளே இருக்கும் கனம் முன்னால் திரும்பும்போது துப்பாக்கியே முன்னே இழுப்பது மாதிரி ஒரு ஆட்டம். 'க்ளங்க்-க்ளங்க்' என்று ஒரு இரும்புச் சத்தம் வேறு. எடை எட்டு பவுண்டுக்கு மேல் இருக்கும், நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு காட்டில் நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

இன்னொரு சமாச்சாரம், இதைக் கழற்றி இரண்டாக்கலாம். முன்கட்டையின் திருகை எடுத்துவிட்டு, அடியில் மடங்கியிருக்கும் சின்ன லீவரைத் திருகினால் குழல் பாகம் முழுதாகக் கையோடு வந்துவிடும். பெட்டியில் போட்டு ரயிலில் எடுத்துப் போன காலம் அது.

வலது பக்கத்தில் பெரிய தகடு மாதிரி ஒரு சேஃப்டி லீவர். பார்த்ததும் எனக்கு ஏகே-47 தான் நினைவுக்கு வந்தது. மேலே தூக்கினால் போல்ட் ஓடும் வழியை மூடிக்கொள்ளும், அப்படியே அதே பாணி. ஏகே இங்கிருந்துதான் அதை எடுத்தது என்று துப்பாக்கி பேசும் எல்லாரும் சொல்வார்கள்.

ரீல்பெட்டி
படத்தைப் பற்றித்தானே கேள்வி, நான் வருகிறேன். இந்தத் துப்பாக்கிக்கு ஒரு பெரிய சினிமாத் தருணம் கிடைத்திருக்க வேண்டியது. நிஜ வாழ்க்கையில் கிடைத்தது, சினிமா அதைத் தட்டிப் பறித்துவிட்டது.

1934 மே 23, காலை ஒன்பதேகால். லூயிசியானாவில் கிப்ஸ்லாண்ட் பக்கம் ஒரு காட்டு ரோடு. போனி பார்க்கர், கிளைடு பாரோ என்ற கொள்ளைக்கார ஜோடி திருட்டு ஃபோர்டு வி8 காரில் வருகிறது. வழியில் தெரிந்த ஆளின் லாரி, சக்கரம் கழன்று நிற்பது போல ஜோடித்து வைத்திருக்கிறார்கள். கிளைடு வேகத்தைக் குறைக்கிறான். புதருக்குள் ஆறு போலீஸ்காரர்கள். டெக்சஸ் ஆட்கள் நாலு பேர்: வேட்டைக்குத் தலைமை தாங்கிய ஃபிராங்க் ஹேமர், மேனி கால்ட், பாப் ஆல்கார்ன், டெட் ஹின்டன். உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர்: ஷெரிஃப் ஹெண்டர்சன் ஜோர்டன், டெபுடி பிரென்டிஸ் ஓக்லி. முதலில் சுட்டது ஓக்லி. அவர் கையில் இருந்தது ரெமிங்டன் மாடல் 8, அதுவும் ஊர்ப் பல் மருத்துவர் ஒருவரிடம் இரவல் வாங்கியது! முதல் சூட்டிலேயே கிளைடு கதை முடிந்துவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். மற்ற ஐந்து பேரும் சுட்டது அதற்கப்புறம்.

இப்போது 1967-ல் வந்த 'போனி அண்ட் கிளைட்' படத்தின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆர்தர் பென் இயக்கம், டீடி ஆலன் எடிட்டிங், பல கேமராக்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு வேகத்தில். உடையெல்லாம் வெடித்துச் சிதறுகிறது, காதில் விழுவது மிஷின்கன் சத்தம். ஒற்றை வேட்டைத் துப்பாக்கி 'டம்' என்று ஆரம்பித்து வைத்த கதைக்கு அதில் இடமே இல்லை. நான் குறை சொல்லவில்லை, சினிமாவாகப் பார்த்தால் அது அசுரத்தனமான காட்சி. ஆனால் ஹேமரை போனியும் கிளைடும் பிடித்துக் கட்டிவைத்து அவமானப்படுத்துவதாக ஒரு காட்சி வருமே, அது முழுக்கக் கட்டுக்கதை. புதரில் காத்திருந்த அந்தக் காலை வரை ஹேமர் அவர்களை நேரில் பார்த்ததே கிடையாது. அவர் குடும்பம் வழக்குப் போட்டு 1971-ல் கோர்ட்டுக்கு வெளியே சமரசமாகி முடிந்தது.

கட்டைவிரல்
அடேயப்பா. பல் டாக்டர் துப்பாக்கியா! அண்ணே, ஹேமர் கையில் என்ன இருந்தது?

ஆஸ்டின்வாசி
கேட்டாயே ஒரு கேள்வி. இதில் புத்தகத்துக்குப் புத்தகம் சண்டை. ஹேமருக்கு மாடல் 8 மீது பிரியம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எங்கள் ஆஸ்டினில் இருந்த பெட்மெக்கி என்ற கடைக்குப் போன .35 துப்பாக்கி அவருடையது என்று பதிவே இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவர் சுட்டது அதையா, இல்லை கோல்ட் மானிட்டரையா என்பதில்தான் இரண்டு கட்சி. மானிட்டர் என்பது பிஏஆர் மிஷின் துப்பாக்கியைப் போலீசுக்காகக் குட்டையாக்கியது. அதுவும் பிரௌனிங் வடிவமைப்புதான், ஆக எந்தக் கட்சி ஜெயித்தாலும் பெருமை ஆக்டன்காரருக்கே.

அந்தக் காலத்தில் மிசௌரி மாநிலம் செயின்ட் ஜோசப்பில் பீஸ் ஆஃபிசர் எக்விப்மென்ட் கம்பெனி என்று ஒன்று, மாடல் 8-ன் ஐந்து தோட்டா மேகசினை எடுத்துவிட்டு 15 தோட்டா போகும் கழற்று மேகசின் மாட்டிப் போலீசுக்கு விற்றது. பேட்டில்ஃபீல்டில் '.25 எக்ஸ்டெண்டட்' என்று நீளமாகத் தொங்குமே, அதே தோற்றம்.

பாட்டையா
ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். டாமி கன் இருக்கும்போது போலீஸ்காரன் ஏன் மான் சுடும் துப்பாக்கியைத் தேடிப் போனான்? காரணம் கார்தான். டாமி கன் சுடுவது .45 பிஸ்டல் தோட்டா, விநாடிக்கு ஆயிரம் அடியைக்கூடத் தொடாது. 1930-களின் கார்கள் நல்ல கெட்டித் தகடு, கோணலாகப் பட்டால் குண்டு வழுக்கிவிடும். மாடல் 8-ன் .35 ரெமிங்டன் தோட்டா 200 கிரெய்ன் (சுமார் 13 கிராம்) குண்டை விநாடிக்குச் சுமார் 2,000 அடியில் தள்ளும். கதவைத் துளைத்து உள்ளே இருப்பவனையும் துளைக்கும். பாரோ கும்பலும் இதே காரணத்துக்காகத்தான் தேசியக் காவல்படை கிடங்குகளை உடைத்து பிஏஆர் திருடிக்கொண்டிருந்தது. ஆக இரண்டு பக்கமும் டாமியை நம்பவில்லை. சினிமாதான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது.

செட்டுக்காரன்
ரொம்ப நாள் கழித்து லாகின் செய்கிறேன், இந்த இழை இழுத்துவிட்டது. சண்டைக் காட்சிகளில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் கட்டைவிரல் தம்பியின் அசல் கேள்விக்கு வருகிறேன். எல்லாரும் சரித்திரம் பேசுகிறீர்கள், பதில் போல்ட்டு முதலில் எழுதிய பத்தியிலேயே ஒளிந்திருக்கிறது.

படத்துக்குச் சுடுவது பிளாங்க். மருந்து இருக்கும், நெருப்பு வரும், சத்தம் வரும், ஆனால் குண்டு கிடையாது. துப்பாக்கி பின்னால் உதைக்க வேண்டுமானால் முன்னால் ஏதாவது கனமாக வெளியே போக வேண்டும் இல்லையா? குண்டே இல்லாதபோது மாடல் 8-ன் குழல் அசையாது. குழல் அசையாவிட்டால் போல்ட் திறக்காது, கூடு வெளியே விழாது, அடுத்த தோட்டா ஏறாது. ஹீரோ ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துவிட்டுச் சுட வேண்டியதுதான். செமி-ஆட்டோ துப்பாக்கியை அப்படிக் காட்டினால் கதை கந்தல்.

மற்ற வகைகளைப் பாருங்கள். லீவர் துப்பாக்கியில் கையாலேயே எல்லாம் நடக்கும், பிளாங்க் போட்டாலும் பிரச்சினை இல்லை. டாமி கன்னில் போல்ட்டைக் குழலோடு கெட்டியாகப் பூட்டுவது கிடையாது. குழலுக்குள் சின்ன ஓட்டை விட்ட அடைப்பு ஒன்றைத் திருகினால் வாயு வெளியே போக முடியாமல் அழுத்தம் ஏறி, போல்ட்டைப் பின்னால் தள்ளிவிடும். வாயுவால் ஓடும் துப்பாக்கிகளுக்கும் இதே அடைப்பு போதும். மாடல் 8-க்கு அப்படி அடைப்பு மட்டும் போட்டால் ஆகாது, ஆயுதக்காரர் உள்ளே கைவைத்து வேலை பார்க்க வேண்டும். யார் மெனக்கெடுவார்கள்? பக்கத்திலேயே டாமி கன் வாடகைக்குக் கிடைக்கும்போது?

பாட்டையா
செட்டுக்காரர் சொன்னது பாதி உண்மை என்றுதான் நான் சொல்வேன். இயந்திரக் காரணத்துக்கு முன்னாலேயே காலக் காரணம் இருக்கிறது. ஹாலிவுட்டுக்கு இரண்டு காலம்தான் தெரியும். ஒன்று 1870-90 கௌபாய், இன்னொன்று மதுவிலக்குக் கால சிகாகோ. மாடல் 8-ன் நல்ல காலம் இந்த இரண்டுக்கும் இடையில், மெயின் மாநிலக் காட்டிலும் மிஷிகன் காட்டிலும் மான் வேட்டைக்குப் போன சாதாரண மனிதர்கள் கையில் போயிற்று. அவர்களைப் பற்றி யார் படம் எடுத்தார்கள்? இத்தனைக்கும் மான்கள் மலிந்த பென்சில்வேனியாவில் செமி-ஆட்டோ ரைஃபிளால் மான் சுடவே கூடாது என்று சட்டம், அது இன்றைக்கும் இருக்கிறது.

பிளாங்க் பற்றி ஒன்று சேர்க்கிறேன், அது செட்டுக்காரர் கட்சிக்குத்தான் பலம் என்றாலும். ஹாலிவுட்டில் 'ஃபைவ்-இன்-ஒன்' என்று ஒரு பிளாங்க் உண்டு. .38-40, .44-40, .45 கோல்ட், ரிவால்வரோ ரைஃபிளோ, ஒரே பிளாங்க் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வின்செஸ்டர் 1892 இந்தத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி. அதனால்தான் 1870-களில் நடக்கும் கதையில்கூட இன்னும் பிறக்கவே பிறக்காத 1892-ஐக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சரித்திரம் படித்தவன் தலையில் அடித்துக்கொள்வான், தயாரிப்பு மேனேஜர் ஒரே பெட்டி பிளாங்க் வாங்கி மிச்சம் பிடிப்பார்.

ரீல்பெட்டி
பாட்டையா ஐயா, காலக் காரணத்தை ஒரே படத்தால் உடைக்கிறேன். 2009-ல் மைக்கேல் மான் எடுத்த 'பப்ளிக் எனிமீஸ்'. வங்கிக் கொள்ளைக்காரன் டில்லிஞ்சர் கதை, 1933-34. அதில் வின்செஸ்டர் 1907 வருகிறது. அதுவும் இதே மாதிரி அந்தக் காலத்து செமி-ஆட்டோ வேட்டைத் துப்பாக்கி, மாடல் 8 வந்த மறு வருடம் வந்தது, .351 தோட்டா. சான் அன்டோனியோவில் ஹைமன் லெப்மன் என்று ஒரு துப்பாக்கிக் கொல்லர் அதை முழு ஆட்டோவாக மாற்றி, டாமி கன்னின் முன்பிடியை ஒட்ட வைத்து, குழல் வாயில் கட்ஸ் கம்பன்சேட்டர் (சுடும்போது குழல் மேலே எகிறாமல் அமுக்கும் கருவி) மாட்டி பேபி ஃபேஸ் நெல்சன் கும்பலுக்கு விற்றார். டில்லிஞ்சர் கும்பலுக்கும் போலீசுக்கும் லிட்டில் பொஹீமியா லாட்ஜில் நடந்த சண்டையை மைக்கேல் மான், விஸ்கான்சினில் அந்த நிஜ லாட்ஜுக்கே போய்ப் படமாக்கினார். அவ்வளவு மெனக்கெடுபவர் கையில் அந்தக் காலத்து வேட்டைத் துப்பாக்கிக்கும் இடம் கிடைத்தது. ஆக காலம் தடையில்லை.

போல்ட்டுநட்டு
ரீல்பெட்டி தன்னை அறியாமலேயே செட்டுக்காரருக்குச் சாட்சி சொல்லிவிட்டார் :) வின்செஸ்டர் 1907-ல் குழல் ஓடாது, போல்ட்டைப் பூட்டுவதும் கிடையாது. வெறும் கனத்தால் தாக்குப்பிடிக்கும் முறை, முன்கட்டைக்குள் போல்ட்டோடு சேர்ந்த ஒரு பெரிய இரும்புக் கட்டி ஓடும். அடைப்பு போட்டால் பிளாங்கில் ஓடும் சாதி. இதன் பின்னால் ஒரு கதையும் உண்டு. ஷாட்கன் ராயல்டி தகராறில் பிரௌனிங் 1902-ல் வின்செஸ்டரை விட்டு வெளியேறினார், ரெமிங்டன் தலைவர் மார்சலஸ் ஹார்ட்லியைப் பார்க்கப் போன அன்றே ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துபோனார், பிரௌனிங் ஷாட்கன்னைத் தூக்கிக்கொண்டு பெல்ஜியத்துக்கு எஃப்என் கம்பெனியைத் தேடிக் கப்பல் ஏறினார். குழல் ஓடும் முறைக்கான காப்புரிமைகள் எல்லாம் அவர் பையில். வின்செஸ்டரில் இருந்த வடிவமைப்பாளர் ஜான்சன் தம் செமி-ஆட்டோவுக்குக் கனத்தைக் கட்டினார். நூறு வருடம் கழித்து அதுவே சினிமாவுக்குத் தோதாகப் போயிற்று.

கட்டைவிரல்
அப்போது பேட்டில்ஃபீல்டில் முதல் உலகப் போர் சிப்பாய் கையில் மாடல் 8 கொடுத்தது டூப்பா?

போல்ட்டுநட்டு
பெருமளவு டூப்தான். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் போரில் வாங்கியது வின்செஸ்டர் செமி-ஆட்டோக்களை, முதலில் விமானத்தில் உட்கார்ந்து சுடுவதற்காக. அதுவும் கேமில் 'எம்1907' என்று இருக்கும், மெடிக் வகையிலேயே. அது நியாயம். மாடல் 8-ஐச் சேர்த்தது ஆட்டத்துக்குச் சுவை கூட்ட. கேமுக்குப் பிளாங்க் கவலை இல்லையே, கம்ப்யூட்டரில் குழல் ஓடு என்றால் ஓடும்.

பாட்டையா
ஆட்டோ-5 ஷாட்கன்னும் குழல் ஓடும் சாதிதானே, அது மட்டும் எத்தனையோ படங்களில் வருகிறதே? செட்டுக்காரர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

செட்டுக்காரன்
நல்ல இடத்தில் பிடித்தீர்கள் ஐயா. ஷாட்கன் காட்சி எப்படி இருக்கும்? ஒருவன் கதவை உதைத்துத் திறப்பான், ஒரு தடவை சுடுவான், எதிரே இருப்பவன் பத்தடி பறப்பான், கட். ஒரு சூட்டுக்கு எந்தத் துப்பாக்கியும் ஓடும். செமி-ஆட்டோ ரைஃபிளைக் கையில் கொடுப்பதே படபடவென்று தொடர்ந்து சுடத்தான், அங்கேதான் மாட்டும். அதே குழல் உதையில் ஓடும் மிஷின்கன்களுக்கு வாயில் தனியாக ஒரு கருவி மாட்டி, வாயுவை வைத்துக் குழலைத் தள்ள வைத்து ஓட்டுவார்கள். போர்ப் படங்களுக்குக் காலாகாலமாகத் தேவைப்பட்டதால் அதற்கு வழி கண்டார்கள். ஒரு மான் துப்பாக்கிக்காக யார் உட்கார்ந்து யோசிப்பது?

இப்போது நிலைமையே வேறு. 2021-ல் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ரிவால்வரில் நிஜத் தோட்டா இருந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிர் போனதிலிருந்து பல தயாரிப்பாளர்கள் பிளாங்க் என்றாலே ஒதுங்குகிறார்கள். ரப்பர் துப்பாக்கி, ஏர்சாஃப்ட், நெருப்பெல்லாம் பின்னால் கிராஃபிக்ஸ். நடிகர் தோளைக் குலுக்கினால் போதும். நடிகர்கள் அதையும் சரியாகக் குலுக்குவதில்லை என்பது வேறு கதை. இனி மாடல் 8-ஐத் திரையில் காட்டத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

ரீல்பெட்டி
இன்னொன்று. அந்தக் காலையில் கேமராவும் இருந்தது. டெட் ஹின்டன் கையோடு 16 எம்எம் மூவி கேமரா ஒன்றைக் கொண்டுபோயிருந்தார், சுட்டு முடித்ததும் ஓட்டையான காரையும் உள்ளே கிடந்தவர்களையும் படம் எடுத்தார். கறுப்பு வெள்ளை, கை நடுக்கம், சத்தம் கிடையாது. இந்தத் துப்பாக்கி செய்த வேலையின் நேரடிப் படம் அது. 1967 படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால் வயிறு ஒரு மாதிரி ஆகும், அங்கே எதுவும் மெதுவாக ஆடி விழவில்லை.

2019-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி ஹைவேமென்' ஹேமர் பக்கத்திலிருந்து சொன்ன கதை. கெவின் காஸ்ட்னர் ஹேமர், வுடி ஹாரல்சன் மேனி கால்ட். கடைசிக் காட்சியை லூயிசியானாவில் அதே ரோட்டில், அதே இடத்திலேயே எடுத்தார்கள். ஹேமர் துப்பாக்கிக் கடைக்குள் போய் ஒவ்வொன்றாகக் கைகாட்ட, கவுண்டர் நிறைய, கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

கட்டைவிரல்
சனிக்கிழமை ராத்திரி அதைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்க்கப் போகிறேன். மாடல் 8 வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆஸ்டின்வாசி
குழலைப் பார், முனை வரை ஒரே தடிமனாக உறை போகும், முன்னால் ஒல்லியாக எதுவும் நீட்டிக்கொண்டு நிற்காது. அப்புறம் பின்பக்கம் உருண்டையாகச் சரியும் இரும்பு உடம்பு, வலது பக்கம் அந்த ஏகே லீவர். விசைக்கு முன்னால் சின்னப் பெட்டி மாதிரி மேகசின் துருத்தியிருந்தால் வேட்டைக்காரர் துப்பாக்கி, வளைந்து நீளமாகத் தொங்கினால் போலீஸ் துப்பாக்கி.

போல்ட்டுநட்டு
ரெமிங்டன் மாடல் 11 ஷாட்கன்னோடு குழப்பிக்கொள்ளாதே. அதற்கு உடம்பின் பின்பக்கம் செங்குத்தாக வெட்டி இறக்கியது போல இருக்கும், குழலுக்கு அடியில் தோட்டாக் குழாய் ஓடும். பாரோ கும்பலும் மாடல் 11 வைத்திருந்தது, கட்டையையும் குழலையும் அறுத்துக் குட்டையாக்கி. அதனால் இந்தப் படத்தில் அது கட்டாயம் கண்ணில் படும்.

செட்டுக்காரன்
ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடு தம்பி. தொடர்ந்து சுடும் இடத்தில் ஷாட் எங்கே வெட்டியிருக்கிறார்கள், கூடு வெளியே பறக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார். அதை வைத்தே உள்ளே என்ன வேலை பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.